சின்ன போட்டுக்கு சார்ட் பிளாட்டர் வாங்கும்போது எதைப் பார்த்து வாங்கணும்?

எந்த பிராண்ட் நல்லது, 7 இன்ச் போதுமா, போன்லயே ஆப் போட்டு ஓட்டிட முடியாதான்னு கேட்டிருக்கீங்க. எல்லாத்துக்கும் வரேன், ஆனா நீங்க கேட்காத ஒண்ணுதான் இதுல முக்கியம், சார்ட் பிளாட்டர்ங்கறது போட்டு இருக்கற இடத்தை கடல் வரைபடத்து மேல காட்டுற மெஷின், அந்த வரைபடம்தான் சார்ட்டு, எந்த சார்ட்டு போடப்போறீங்க? மெஷின் எவ்ளோ ஒசத்தியா இருந்தாலும் நீங்க போற தண்ணிக்கு அதுல இருக்கற சார்ட்டு சரியில்லன்னா பிரயோஜனமே இல்ல.

சார்ட்டு போடுற நேவியானிக்ஸ் கம்பெனியை பிளாட்டர் செய்யற கார்மின் 2017ல வாங்கிட்டாங்க, அதனால கார்மின்ல அந்த டேட்டாதான் வரும். சிம்ராட், லோரன்ஸ், பி அண்ட் ஜி மூணு பிராண்டும் ஒரே குரூப்பு, அவங்க பக்கம் சி-மேப் சார்ட்டு. ரேமரைன் பிராண்டுக்கு லைட்ஹவுஸ்னு சொந்த சார்ட்டு இருக்கு. ஒண்ணுக்கு வாங்கின சார்ட்டு கார்டு இன்னொண்ணுல ஓடும்னு நிச்சயமில்ல, அதனால மாடல முடிவு பண்ணும்போதே அதுல எந்த சார்ட்டு ஓடும்னும் பார்த்துக்கங்க. நேவியானிக்ஸ், சி-மேப் ரெண்டையும் அவங்க சைட்லயே பிரவுசர்ல பார்க்கலாம், உங்களுக்கு நல்லா தெரிஞ்ச ஒரு முகத்துவாரத்தையோ பாறை இருக்கற இடத்தையோ எடுத்து ரெண்டுலயும் ஜூம் பண்ணி பாருங்க, எது உங்களுக்கு தெரிஞ்ச ஆழத்தோட ஒத்துப்போகுதோ அதுக்கு ஏத்த மெஷினை தேடுங்க.

ஜூம்னதும் ஒண்ணு கண்டிப்பா சொல்லணும். இப்ப வர்றதெல்லாம் பெரும்பாலும் வெக்டர் சார்ட்டு, அதாவது ஜூமுக்கு ஏத்த மாதிரி விவரத்தைக் கூட்டிக் குறைச்சு காட்டுறது, தூரமா வச்சு பார்த்தா திரை நெரிசலாகக்கூடாதுன்னு சின்ன திட்டு, பாறையெல்லாம் மறைஞ்சிடும். 2014 நவம்பர்ல வோல்வோ ஓஷன் ரேஸ்ங்கற உலகம் சுத்துற பாய்மரப் படகுப் போட்டியில ஓடின வெஸ்டாஸ் விண்ட் படகு, மொரிஷியஸுக்கு வடகிழக்குல கார்கடோஸ் கராஜோஸ் பவளத்திட்டு மேல ராத்திரில போய் ஏறினது இதனாலதான், அவங்க பார்த்துட்டு இருந்த ஜூம்ல அந்த இடத்தோட ஆபத்து தெரியல, இத்தனைக்கும் படகுல இருந்தது உலகத்தரமான மாலுமிங்க. நல்ல வேளையா உயிர்ச்சேதம் இல்ல. அதனால எந்த பிளாட்டர் வாங்கினாலும் கிளம்புறதுக்கு முன்னாடி ரூட்டு முழுசையும் ஒரு தடவை கிட்ட ஜூம் பண்ணி தடவிப் பார்த்துடுங்க, ரூட்டை தானா போட்டுத்தர்ற வசதி இருந்தாலும் சரி.

இப்ப திரை. 7 இன்ச்சு ஒரே ஒரு சார்ட்டு மட்டும் பார்க்க போதும், சார்ட்டையும் ஃபிஷ் ஃபைண்டரையும் (தண்ணிக்கு அடியில மீனையும் ஆழத்தையும் காட்டுறது) பக்கத்து பக்கத்துல பிரிச்சு வைக்கணும்னா 9 இன்ச்சாவது எடுங்க. அளவை விட வெளிச்சம் முக்கியம், கூரை இல்லாத போட்டுன்னா 1000 நிட்ஸுக்கு (திரை வெளிச்சத்தோட அளவு) குறையாம பாருங்க. போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போடுற ஆளா இருந்தா அதை மாட்டிக்கிட்டே கடையில திரையைப் பாருங்க, சில திரை ஒரு கோணத்துல சுத்தமா கறுத்துடும். வெறும் டச் மட்டும் இருக்கறதை நான் சிபாரிசு பண்ணமாட்டேன், உப்புத்தண்ணி தெறிச்சு விரலும் நனைஞ்சு போட்டும் குதிக்கறப்போ டச் சொன்ன பேச்சு கேக்காது, நாலு பட்டனாவது இருக்கட்டும்.

என்எம்இஏ 2000 போர்ட்டு (போட்டுல இருக்கற கருவிங்களை ஒண்ணோட ஒண்ணு இணைக்கற இடம்) இல்லாத மாடலை விட்டுடுங்க. இன்னிக்கு தேவைப்படலன்னாலும் நாளைக்கு ஏஐஎஸ்ஸோ (பக்கத்து கப்பல்களைக் காட்டுற கருவி) ஆட்டோபைலட்டோ மாட்டணும்னா அது வேணும். ரேடார் ஆசை இருந்தா ஹெடிங் சென்சாரும் (போட்டோட மூக்கு எந்தப் பக்கம் இருக்குன்னு சொல்றது) சேர்த்து யோசிங்க, ஏன்னா ஜிபிஎஸ்ஸுக்கு நீங்க எந்த திசையில நகருறீங்கன்னுதான் தெரியும், மூக்கு எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியாது, நிக்கிற போட்டு திரையில சுத்திக்கிட்டே இருக்கறது அதனாலதான்.

போனு? சார்ட்டை முன்னாடியே இறக்கி வச்சிட்டா சிக்னல் இல்லாமயும் ஜிபிஎஸ் வேலை செய்யும், தாராளமா பேக்கப்பா வச்சுக்கங்க. ஆனா வெயில்ல சூடாகி ஆஃப் ஆயிடும், அதை மட்டும் நம்பி கரையை விட்டு போகாதீங்க. 

மாட்டின உடனே ரெண்டு செட்டிங் பாருங்க. ஆழம் மீட்டர்லயா, அடியிலயா, ஃபேதம்லயா (ஒரு ஃபேதம்னா 6 அடி). அப்புறம் டெப்த் ஆஃப்செட், அதாவது ஆழத்தை தண்ணி மட்டத்துல இருந்து காட்டுதா, டிரான்ஸ்டியூசர்ல (ஆழம் அளக்கற சென்சார்) இருந்தா, இல்ல கீலுக்கு (போட்டோட அடிமரம்) அடியில இருந்தான்னு. போட்டு ஓட்டுற எல்லாருக்கும் அது எதுன்னு தெரிஞ்சிருக்கணும்.