ஒரே கூட்டில் இரண்டு சாதிப் பறவை: வீட்டுப் பறவைகள் கேள்வி பதில்

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்திலிருந்து: ஐயா, எங்க வீட்டு வேப்பமரத்துல காக்கா ஒரு பழுப்புக் குஞ்சுக்கு இரை ஊட்டுது. உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. காக்காக் குஞ்சு மாதிரியே இல்லையே?

அது பெண் குயில் குஞ்சு அம்மா. குயில் கூடு கட்டாது. காக்கை அசந்த நேரம் பார்த்து, அதன் கூட்டில் முட்டையிட்டுப் போய்விடும். காக்கை முட்டை பொரிய 16, 17 நாள் ஆகும். குயில் முட்டைக்கு 12 முதல் 14 நாள் போதும். முந்திப் பிறக்கிற குஞ்சுக்கு முதல் இரை. வேறு பல குயில் இனங்களில் பிறந்த குஞ்சு மற்ற முட்டைகளை முதுகால் நெம்பி வெளியே தள்ளிவிடும். நம்மூர்க் குயில் குஞ்சு அப்படித் தள்ளுவதில்லை. காக்கைக் குஞ்சுகளோடு வளர்ந்து, முதலில் அவற்றைப் போலவே கரையும். எனக்குப் பெரிய வியப்பு இன்னொன்று: தாய்க்குயிலே சில நேரம் வந்து அந்தக் கூட்டில் இருக்கும் தன் குஞ்சுக்கு ஊட்டுவதைப் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். பழம் கொத்துகிற பெண் குயில் அந்த மரத்துப் பக்கம் வந்தால் கவனித்துப் பாருங்கள்.

சாயல்குடியிலிருந்து: காக்கா பாவம்ணே. குயில் முட்டையை மட்டும் எடுத்துப் போட்டுடவா?

வேண்டாம் தம்பி. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். மீன் இறங்குகிற கரை நெடுக காக்கைக்குக் குறைவில்லை. குயிலுக்கோ அந்தக் கூட்டை விட்டால் பெரும்பாலும் வேறு வழியில்லை.

உச்சிப்புளியிலிருந்து: தவிட்டுக்குருவி கூட்டுல எல்லா முட்டையும் நீலம்தான், ஆனா ஒண்ணு மட்டும் கொஞ்சம் பெருசா இருக்கு.

சுடலைக்குயில் முட்டையாக இருக்கலாம். அதுவும் அதே நீலத்தில்தான் இடும். அக்காக்குயிலும் அப்படியே. அதனால் முட்டையைத் தொட்டுச் சோதிக்காதீர்கள், குஞ்சு வெளியே வரட்டும். தலையில் கொண்டை, மேலே கறுப்பு, அடியில் வெளுப்பு என்றால் சுடலைக்குயில். தவிட்டுக்குருவிகள் கூட்டுக்குடும்பமாக வாழ்பவை. பெற்றவை மட்டுமல்ல, கூட்டமே சேர்ந்து அந்த அயலான் பிள்ளைக்கு ஊட்டும். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும்.

கீழக்கரையிலிருந்து: தூக்கணாங்குருவி காலி பண்ணிட்டுப் போன கூட்டுக்குள்ள வேற சின்னக் குருவி போய் வருது.

வெண்தொண்டைச் சில்லை. பழைய தூக்கணாங்கூட்டில் குடியேறி முட்டையிடுவது அதன் வழக்கம். காலிக் கூடுதானே என்று அறுத்து வரவேற்பறையில் தொங்கவிடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைக்க வேண்டும். பனையில் காய்ந்து தொங்கும் காவோலையும் அப்படித்தான். அதன் அடிப்பக்கத்தில் பனை உழவாரன் என்ற சிறு பறவை இறகையும் பஞ்சையும் எச்சிலால் ஒட்டிக் கூடு வைத்திருக்கும். கழிக்குமுன் அண்ணாந்து பாருங்கள்.

ஏர்வாடியிலிருந்து: கரிச்சான் கூடு இருக்கிற மரத்துலயே புறாவும் கூடு கட்டுது. சண்டை வராதா?

வராது. காக்கை, பருந்து எது வந்தாலும் கரிச்சான் துரத்தித் துரத்திக் கொத்தும். அந்தக் காவலுக்காகத்தான் சாதுப் பறவைகள் பக்கத்தில் கூடு வைக்கின்றன.

தொண்டியிலிருந்து: சார், தோட்டத்துல ஒரு மொட்டைப்பனை. கிளி, மைனா, பனங்காடை மூணும் அந்தப் பொந்துக்கு அடிச்சுக்குதுங்க. செத்த மரம்தானே, வெட்டிடலாம்னு பாக்குறேன்.

வெட்டாதீர்கள் சார். கிளி தை, மாசியிலேயே முட்டை வைத்துவிடும். பனங்காடையும் மைனாவும் கோடையில் தொடங்கும். மூன்றும் பெரும்பாலும் இருக்கிற பொந்தையே தேடும், அதற்குத்தான் இந்தச் சண்டை. மைனா விடாப்பிடியானது, பல தடவை அதுதான் ஜெயிக்கும். இன்னொரு மொட்டைப்பனை பக்கத்தில் நின்றால் மற்றவை அங்கே போகும். பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அரசு அறிவித்திருக்கிறது. வீட்டின் மேல் சாயும் ஆபத்து இருந்தால் மட்டும் அனுமதி கேளுங்கள். அப்போதும் பொந்தில் குஞ்சுச் சத்தம் கேட்கிறதா என்று சில நாள் பார்த்த பிறகே ஆளைக் கூப்பிடுங்கள்.