மரம் கழிக்கும் வேலையில் பாதுகாப்பு: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கயிறு கட்டி மரம் ஏறி, கிளைகளைத் துண்டு துண்டாக இறக்குவது என் தொழில். பருவமழைக்கு முன்னால் கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (தாம்பரம்): சார், எங்கள் வீட்டை ஒட்டி ஒரு பெரிய வேம்பு இருக்கிறது. மாடிமேல் சாய்ந்த கிளைகளை எடுக்க வேண்டும். இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். ஒருவர் கேட்ட கூலி மற்றவர் கேட்டதில் பாதிதான். வேலை தெரிந்தவர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: கடையில் பணம் கொடுத்தால் செயின்சா, அதாவது மரம் அறுக்கும் மிஷின், கிடைத்துவிடும். ஓட்டத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. அதனால் அவர் மரத்தைப் பார்க்கும் விதத்தைக் கவனியுங்கள். தெரிந்தவர் முதலில் தூரைச் சுற்றி வருவார். மண் வெடித்திருக்கிறதா, காளான் முளைத்திருக்கிறதா, தண்டில் பொந்து விழுந்திருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பார். பிறகு நிமிர்ந்து காய்ந்த கிளை, மின்கம்பி, தேனடை ஆகியவற்றைத் தேடுவார். மலைத்தேனீ கொட்ட ஆரம்பித்தால் எவ்வளவு அனுபவம் இருந்தாலும் மேலே நிற்க முடியாது.

அப்புறம் இரண்டே கேள்வி கேளுங்கள். வெட்டிய கிளையை எப்படி இறக்குவீர்கள்? மேலே உங்களுக்கு ஏதாவது ஆனால் யார் ஏறி உங்களை இறக்குவார்? இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லை என்றால் அவரை மரத்தில் ஏற்றாதீர்கள். பாதிக் கூலி சொல்பவரிடம் பெரும்பாலும் குறைவது அந்த இரண்டாவது ஆளும், நல்ல கயிறும், ஹெல்மெட்டும்தான்.

கேள்வி (பேராவூரணி): அண்ணா, 2018 கஜா புயலில் தென்னையெல்லாம் சாய்ந்தபோது எங்கள் பக்கம் பலர் மிஷின் வாங்கினோம். நானும் பார்த்துப் பழகியவன்தான். அறுக்கும்போது சில சமயம் மிஷின் முகத்தை நோக்கி எகிறுகிறது. இது மிஷின் கோளாறா?

பதில்: மிஷின் கோளாறு இல்லை தம்பி. செயின் சுற்றி ஓடும் நீளத் தகட்டைத்தான் பார் என்கிறோம். அதன் நுனியைப் பாருங்கள். செயின் மேல்பக்கமாக ஓடி, நுனியில் வளைந்து கீழே இறங்கும். அந்த வளைவின் மேல் பாதி மரத்திலோ பக்கத்துக் கிளையிலோ பட்டால், பல்லால் அறுத்துக்கொண்டு போக முடியாது. அந்த விசை முழுவதும் பாரை மேலேயும் பின்னாலேயும் தள்ளும், அதாவது உங்கள் கழுத்தை நோக்கி. கண் இமைப்பதற்குள் நடந்துவிடும், சுதாரிக்க நேரமே இருக்காது. எனவே நுனி எங்கே இருக்கிறது என்பது எப்போதும் உங்கள் கவனத்தில் இருக்க வேண்டும்.

முன் கைப்பிடிக்கு எதிரே இருக்கும் தடுப்புதான் செயின் பிரேக். கைக்கு இடைஞ்சல் என்று அதைக் கழற்றிப் போட்டவர்களையும், கம்பியால் கட்டி வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். தினமும் வேலை தொடங்கும் முன் செயினை ஓடவிட்டு, மணிக்கட்டால் தடுப்பை முன்னால் தள்ளுங்கள். செயின் அந்த நொடியே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அன்றைக்கு அந்த மிஷின் வேண்டாம்.

இடது கட்டைவிரல் கைப்பிடியைச் சுற்றி அடியில் பிடித்திருக்கட்டும். தோளுக்கு மேலே தூக்கி அறுக்க வேண்டாம். தலை பாருக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் இடப்புறம் தள்ளி இருக்கட்டும். ஸ்டார்ட் செய்யும்போது மிஷினைத் தரையில் வைத்து, பின் கைப்பிடிக்குள் காலை வைத்து அழுத்திக்கொண்டு கயிற்றை இழுங்கள். ஒரு கையில் தொங்கவிட்டு இழுப்பதால் தொடையில் வெட்டு விழுகிறது. சீவல் வராமல் வெறும் தூளாக வந்தால் செயின் மழுங்கிவிட்டது. மழுங்கிய செயினோடு நீங்கள் மிஷினை அழுத்துவீர்கள், அழுத்தினால் கட்டுப்பாடு போய்விடும்.

கைலியும் ரப்பர் செருப்பும் இந்த வேலைக்கு ஆகாது. செயின்சா பேன்ட் என்று தனியாக இருக்கிறது. அதற்குள் நீளமான நார்களை அடுக்கடுக்காக வைத்துத் தைத்திருப்பார்கள். செயின் துணியைக் கிழித்த உடனே அந்த நார்கள் உருவி வந்து பல்சக்கரத்தில் சுற்றி மிஷினையே நிறுத்திவிடும். விலை கூடுதல்தான். ஆனால் மிஷின் வாங்கும் அன்றே பேன்ட்டையும் வாங்கிவிடுங்கள்.

கேள்வி (கோவை): கட்டட வேலைக்கு வாங்கிய சேஃப்டி பெல்ட் இருக்கிறது, ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உண்டு. என் ஆட்களுக்கு மரத்தில் ஏறவும் அதையே கொடுக்கலாமா?

பதில்: ஐ.எஸ். 3521 முத்திரை உள்ள முழு உடல் பெல்ட் நல்லதுதான், ஆனால் அது விழுபவரைப் பிடிப்பதற்காகச் செய்தது. அதன் கொக்கி முதுகுப்பக்கம் இருக்கும். கொக்கியை மாட்ட தலைக்கு மேலே உறுதியான இடமும் வேண்டும். மரம் கழிப்பவருக்கு உட்கார்ந்தபடி இரண்டு கையாலும் வேலை செய்ய முடிய வேண்டும். இடுப்பையும் தொடையையும் தாங்கும், முன்பக்கமும் பக்கவாட்டிலும் வளையம் உள்ள மரமேறும் ஹார்னஸ்தான் அதற்குச் சரி.

அதிலும் ரம்பம் ஓடும்போது இரண்டு பிடிமானம் கட்டாயம். ஒன்று, மேலே உயிருள்ள கவட்டையில் போட்ட ஏறு கயிறு. இன்னொன்று, தண்டைச் சுற்றி வரும் குறுங்கயிறு. உள்ளே எஃகுக் கம்பி ஓடும் குறுங்கயிறு கிடைத்தால் இன்னும் நல்லது. ஒன்றை ரம்பம் அறுத்துவிட்டாலும் மற்றொன்று தாங்கும். வெட்டப்போகும் கிளையிலேயே தன் கயிற்றைக் கட்டிக்கொண்டவர்கள் கிளையோடு விழுந்திருக்கிறார்கள், அதனால் கைக்கு எட்டிய கொப்பில் முடிச்சுப் போட வேண்டாம் என்று உங்கள் ஆட்களிடம் சொல்லுங்கள்.

பிரிட்டனில் 1998இல் வந்த விதிப்படி, ஏறு கயிறு, ஹார்னஸ் எல்லாவற்றையும் 6 மாதத்துக்கு ஒருமுறை தகுதியுள்ள ஒருவர் பரிசோதித்து எழுதித்தர வேண்டும். இங்கே யாரும் கேட்கமாட்டார்கள். நீங்களே ஒரு நோட்டு போடுங்கள். கயிறு வாங்கிய தேதி, பார்த்த தேதி, என்ன குறை என்று எழுதுங்கள். கயிற்றை உள்ளங்கையில் சாணுக்குச் சாண் உருவிப் பாருங்கள். ஓரிடம் மட்டும் கெட்டியாகவோ சப்பையாகவோ இருந்தால் அதை மாடு கட்டக் கொடுத்துவிடுங்கள், ஆள் ஏறக் கூடாது.

கேள்வி (ஹாரோ, லண்டன்): எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி, "பின்னால் நிற்கும் மரத்தை இன்றைக்கே வெட்டித் தருகிறோம்" என்கிறார்கள். இங்கே லைசென்ஸ் இல்லாமல் இந்த வேலை செய்ய முடியாதுதானே?

பதில்: அங்கேயும் யார் வேண்டுமானாலும் தங்களை மரம் வெட்டும் நிபுணர் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்தப் பெயருக்கென்று லைசென்ஸ் இல்லை. ஆனால் 2005ஆம் ஆண்டின் உயர வேலை விதிகள் அவர்களுக்கும் பொருந்தும். செயின்சாவுக்கும் மரம் ஏறுவதற்கும் தனித்தனியாகத் தேர்வுச் சான்றிதழ்கள் உண்டு. அவற்றையும் மூன்றாம் நபர் காப்பீட்டையும் காட்டச் சொல்லுங்கள். கதவைத் தட்டி அவசரப்படுத்துபவர் வேண்டாம். கவுன்சிலில் கேட்காமல் எதையும் வெட்டாதீர்கள். பாதுகாக்கப்பட்ட மரமாக இருந்தால் வீட்டுக்காரர் மீதும் வழக்கு வரும். மரம் நிற்கும் இடம் பாதுகாக்கப்பட்ட பகுதி (conservation area) என்றால் 6 வாரம் முன்னதாக அறிவிப்புக் கொடுக்க வேண்டும்.

கேள்வி (மதுரை): கிளை மின்கம்பியில் உரசுகிறது. மழை வருவதற்குள் நாங்களே வெட்டிவிடலாமா?

பதில்: கூடாது. பச்சைக் கிளையிலும் மின்சாரம் பாயும், ஈரமாக இருந்தால் இன்னும் எளிதாகப் பாயும். உயர் அழுத்தக் கம்பியைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை, பக்கத்தில் போனாலே மின்சாரம் தாக்கிவிடும். அலுமினியக் குழாயில் செய்த தொரட்டியைக் கம்பி ஓடும் இடத்தில் தூக்கவே கூடாது. மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987இல் புகார் கொடுங்கள். "ஆஃப் பண்ணியாச்சு" என்று போனில் கேட்டுவிட்டு ஏறாதீர்கள். லைன்மேன் நேரில் வந்து லைனை எர்த் செய்த பிறகே வேலை தொடங்க வேண்டும். யாரோ ஒருவர் வீட்டு ஜெனரேட்டரிலிருந்தும் கம்பியில் மின்சாரம் திரும்பி வரலாம்.

கேள்வி (அண்ணா நகர்): வர்தா புயலில் எங்கள் தெருவில் மரங்கள் வேரோடு சாய்ந்தன. அடுத்த முறை அப்படி விழுந்தால் நாங்களே மிஷின் வாடகைக்கு எடுத்து அகற்றலாமா?

பதில்: நிற்கும் மரத்தைவிட விழுந்த மரம் ஆபத்து. வேர்த்தட்டு மண்ணோடு சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கும். தண்டை அறுத்து எடுத்ததும் பாரம் குறைந்து, அந்தத் தட்டு சட்டென்று பழைய குழிக்குள் சாயும். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள் அந்தக் குழியில்தான் இறங்கி நிற்பார்கள். வளைந்து மாட்டிக்கொண்ட கிளையும் அப்படித்தான். தவறான பக்கம் அறுத்தால் அது நிமிர்ந்து ஆளை அடிக்கும். தரையில் கிடக்கும் சின்னக் கிளைகளைக் கைரம்பத்தால் வெட்டி வழி உண்டாக்குங்கள். தண்டை மாநகராட்சிக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் விட்டுவிடுங்கள்.

கேள்வி (வேளச்சேரி): மழைக்கு முன்னால் குடியிருப்பில் உள்ள எல்லா மரத்தையும் மொட்டையடிக்கச் சங்கம் முடிவு செய்திருக்கிறது. அதுதானே பாதுகாப்பு?

பதில்: இல்லை. மொட்டையடித்த இடத்தில் கொத்தாகத் துளிர்க்கும் கிளைகளுக்குத் தண்டோடு உறுதியான பிடிப்பு இருக்காது. வெட்டு வாய் உளுத்து, சில வருடங்களில் அவைதான் முதலில் முறியும். காய்ந்ததையும் உரசுவதையும் மட்டும் எடுத்து, தலையைக் காற்றுப் புகும்படி விலக்கிவிடச் சொல்லுங்கள். கிளையின் அடியில் இருக்கும் தடித்த வளையத்தை விட்டு வெட்டினால் மரம் தானே மூடிக்கொள்ளும். தார் பூச வேண்டாம்.

கேள்வி (பொள்ளாச்சி): என் கணவர் தென்னை ஏறுகிறார், காலில் மாட்டும் தளைநார் மட்டும்தான். வேறு வழி உண்டா? ஏதாவது நடந்தால் எங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று பயமாக இருக்கிறது.

பதில்: இருக்கிறது அம்மா. தென்னை வளர்ச்சி வாரியம் 2011 முதல் "தென்னை மரங்களின் நண்பர்கள்" என்ற பயிற்சியை நடத்துகிறது. ஏறும் கருவியில் ஏறுவதையும் பாதுகாப்பு முறைகளையும் அங்கே சொல்லித்தருவார்கள். வாரியத்திடம் "கேர சுரக்ஷா" என்ற விபத்துக் காப்பீடும் உண்டு. இரண்டையும் அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள்.

அதற்கு முன் இந்த வாரமே வங்கிக்குப் போய், பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் அவரைச் சேர்த்துவிடுங்கள். வருடத்துக்கு 20 ரூபாய் கணக்கிலிருந்து பிடிப்பார்கள், விபத்தில் இறந்தாலோ முழுமையாக ஊனமுற்றாலோ 2 லட்சம். 18 முதல் 70 வயது வரை சேரலாம். மரம் ஈரமாக இருக்கும் நாளில், எவ்வளவு கூலி கொடுத்தாலும், அவரை ஏறவிடாதீர்கள்.

கேள்வி (திருச்சி): ரம்பம் பட்டு ரத்தம் பீறிட்டால் 108 வரும் வரை என்ன செய்ய வேண்டும்?

பதில்: சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து முழு பலத்தோடு அழுத்துங்கள். துணி நனைந்தால் எடுக்காதீர்கள், அதன்மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள். மேலிருந்து விழுந்தவராக இருந்தால் உட்கார வைக்கவோ தூக்கிக்கொண்டு ஓடவோ வேண்டாம், தலையும் கழுத்தும் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். தெருவின் பெயரையும் பக்கத்து அடையாளத்தையும் வேலை தொடங்கும் முன்பே கீழே நிற்பவரின் போனில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் யாருக்கும் வாயில் வராது.