சுற்றுகிற எலக்ட்ரான் ஏன் உள்ளே விழவில்லை?

"தாம்சன், ரூதர்ஃபோர்டு, நீல்ஸ் போர் சொன்ன அணு மாதிரிகள் எல்லாம் தப்பு என்று ஆன பிறகும் எங்களை ஏன் படிக்கச் சொல்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். தேர்வு நெருங்குகிற எரிச்சல் என்று நினைக்கிறேன். நான் இயற்பியல் வாத்தியார். கேள்வி சுருக்கென்று தைத்தது.

பல வருடம் முன்பு ரூதர்ஃபோர்டு மாதிரி நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் நடுவே அணுக்கரு என்று ஒரு புள்ளி, சுற்றி எலக்ட்ரான் ஓடுவதாக மூன்று வட்டம். இரண்டாவது பெஞ்சில் ஒரு மாணவி எழுந்தாள். "சார், மின்னூட்டம் உள்ள துகள் வளைந்து ஓடினா ஆற்றலை இழக்கும்னு நீங்கதானே சொன்னீங்க? அப்போ எலக்ட்ரான் ஏன் உள்ளே விழலை?"

பாடம் முடிக்கிற அவசரம். "குதர்க்கம் பேசாதே, உட்கார்" என்றேன். உட்கார்ந்தவள் அந்த வருடம் முழுக்க வேறெதுவும் கேட்கவில்லை.

அவள் கேட்டது குதர்க்கமே இல்லை. பழைய இயற்பியல் கணக்குப்படி எலக்ட்ரான் ஒரு நொடியில் ஏறக்குறைய பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு நேரத்தில் கருவில் விழுந்திருக்க வேண்டும். 1913-ல் நீல்ஸ் போர் கையில் எடுத்த சிக்கலே அதுதான். சில பாதைகளில் மட்டும் ஆற்றல் இழக்காமல் சுற்றும் என்று துணிந்து சொன்னார். ஹைட்ரஜன் வெளியிடும் ஒளியைப் பிரித்தால் தெரிகிற நிறமாலைக் கோடுகள் அச்சாகப் பொருந்தின. ஹீலியத்துக்கு வந்ததும் கணக்கு உதைத்தது. 1926-ல் ஷ்ரோடிங்கரின் அலைச் சமன்பாடு வந்து, பாதை என்ற பேச்சையே எடுத்துவிட்டது.

ரூதர்ஃபோர்டையும் லேசாக நினைக்காதீர்கள். 1909-ல் மான்செஸ்டரில் அவருடைய ஆய்வகத்தில் கைகரும் இருபது வயது மார்ஸ்டனும் இருட்டறையில் கண்ணைப் பழக்கிக்கொண்டு, நுண்ணோக்கி வழியாகத் திரையில் மின்னும் பொட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். உலோகத் தகட்டில் மோதிய, நேர்மின்னூட்டம் கொண்ட ஆல்ஃபா துகள்களில் சுமார் 8,000-க்கு ஒன்று வந்த பக்கமே திரும்பியது. தாம்சன் சொன்னபடி நேர்மின்னூட்டம் அணு முழுக்கப் பரவியிருந்தால் அது நடக்காது. ஆக, தாம்சனின் மாதிரி இல்லையென்றால் அந்த எண்ணிக்கையைப் பார்த்து யாரும் திடுக்கிட்டிருக்க மாட்டார்கள்.

'ஆசிரியரே இப்படி ஒத்துக்கொள்ளலாமா' என்று சண்டைக்கு வராதீர்கள். எல்லா வகுப்பிலும் எல்லாக் கேள்விக்கும் நின்று பதில் சொல்ல நேரம் கிடையாது, அதுவும் உண்மை. விடைத்தாள் திருத்துகிற இடத்தில் இன்னும் மோசம். இன்றைய விளக்கப்படி எலக்ட்ரானை மேகம்போல வரைந்த ஒரு பையனுக்கு, விடைக்குறிப்பில் வட்டம்தான் இருக்கிறது என்று ஒரு மதிப்பெண்ணைக் குறைக்கச் சொன்னார்கள். வாதாடிப் பார்த்தேன், நடக்கவில்லை.

இப்போதும் அதே மூன்று வட்டம்தான் வரைகிறேன். வரைந்துவிட்டு, "இதில் என்ன உதைக்கிறது?" என்று நானே கேட்டுவிடுகிறேன்.