கொலம்பஸில் வேலை கிடைத்திருக்கிறது, போகலாமா?

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான்: ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸில் ஒரு வங்கியில் மென்பொருள் வேலை உறுதியாகிவிட்டது. மனைவியும் ஐந்து வயது மகளும் உடன் வருகிறார்கள். சொந்தபந்தத்தில் யாருக்கும் அந்த ஊரைத் தெரியவில்லை. நியூ ஜெர்சியில் இருக்கும் மச்சானோ, "அது பட்டிக்காடு, போகாதே" என்கிறார். போகலாமா, போனால் எந்தப் பக்கம் வீடு பார்ப்பது?

போகலாம். இரண்டு கார் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும், வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் முகவரியைத் துருவிப் பார்க்க வேண்டியிருக்கும். இந்த இரண்டுக்கும் தயார் என்றால் தயங்காதீர்கள்.

முதலில் பட்டிக்காடு என்ற பேச்சு. 2020 கணக்கெடுப்பின்படி கொலம்பஸ் நகரின் மக்கள்தொகை 9,05,748. சான் ஃபிரான்சிஸ்கோ 8,73,965, பாஸ்டன் 6,75,647. ஆனால் இதை மட்டும் வைத்து மச்சானிடம் வாதாடாதீர்கள். சுற்றுவட்டாரத்தையும் சேர்த்தால் கொலம்பஸ் சுமார் 21 லட்சம், பாஸ்டன் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல். நகர எல்லைக்குள் இத்தனை பேர் இருப்பதற்குக் காரணம் எல்லை விரிந்த விதம். 1950-களில் மேயராக வந்த சென்சன்பிரென்னர், நகரின் குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் வேண்டுமென்றால் நகரத்தோடு இணைய வேண்டும் என்ற கொள்கையைப் பிடித்துக்கொண்டார். சுமார் 40 சதுர மைலாக இருந்த நகரம் இன்று 220 சதுர மைலைத் தாண்டிவிட்டது. ஜாக்சன்வில் 1968-ல் தன் கவுண்டியோடு (மாநிலத்துக்குள் நம் மாவட்டம் போன்ற பிரிவு) இணைந்ததும், இண்டியானாபோலிஸ் 1970-ல் அப்படியே செய்ததும் இதே வகைதான். பெயர் அதிகம் அடிபடாத இந்தப் பெரிய நகரங்கள் பலவும் அகலத்தில் வளர்ந்தவை. அதனால் ஒரே ஊர்ப் பெயருக்குள் விதவிதமான வாழ்க்கை இருக்கும். வீடு பார்ப்பதில் உள்ள சிக்கலும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

கொலம்பஸில் ஒரு வீட்டுக்கு நான்கு விஷயங்கள் தனித்தனி: தபால் முகவரியில் உள்ள ஊர்ப் பெயர், அந்த இடம் உண்மையில் அடங்கும் நகராட்சி, பள்ளி மாவட்டம் (அந்தப் பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு), கவுண்டி. முகவரியில் டப்ளின் என்றோ பவல் என்றோ புறநகரின் பெயர் இருக்கும், ஆனால் இடம் கொலம்பஸ் நகராட்சிக்குள் இருக்கலாம். கொலம்பஸ் நகராட்சிக்குள் இருந்தாலும் குழந்தை டப்ளின், ஹில்லியர்ட் அல்லது வொர்திங்டன் மாவட்டப் பள்ளிக்குப் போகலாம். 1986-ல் பள்ளி மாவட்டங்கள் செய்துகொண்ட "வின்-வின்" ஒப்பந்தம் இதற்கு அடிப்படை. நகரத்தோடு இணைக்கப்பட்ட பல பகுதிகள் பழைய புறநகர்ப் பள்ளி மாவட்டத்திலேயே நீடிக்க அது வழிவிட்டது. நம்மவர்கள் இந்த இடங்களைத் தேடிப்பிடித்துக் குடியேறுவார்கள், ஏனென்றால் டப்ளின் நகருக்குள் கேட்கும் வாடகையைவிடப் பெரும்பாலும் குறைவு, பள்ளி அதேதான். எதிர்ப்பக்கமும் உண்டு. பெயர் பெற்ற புறநகரின் பெயரை விளம்பரத்தில் போட்டிருக்கும் அடுக்குமாடி, விசாரித்தால் வேறு பள்ளி மாவட்டத்தில் இருக்கும். வாடகை அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொல்வதை நம்ப வேண்டாம். ஒஹாயோ வரித்துறை இணையதளத்தில் "தி ஃபைண்டர்" என்ற தேடல் வசதி இருக்கிறது. கதவு எண்ணோடு முழு முகவரியை இட்டால் நகராட்சி வரி, பள்ளி மாவட்டம் இரண்டையும் காட்டும். பிறகு அந்தப் பள்ளி மாவட்ட அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி, எந்த ஆரம்பப் பள்ளி என்று உறுதிசெய்யுங்கள். வேகமாக வளரும் மாவட்டங்களில், குறிப்பாக வடக்கே டெலவேர் கவுண்டியின் ஒலன்டாஞ்சியில், புதுப் பள்ளி திறக்கும்போது எல்லைகளை மாற்றி வரைவார்கள்.

வரியைப் பற்றி மச்சானுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, ஏனென்றால் நியூ ஜெர்சியில் சம்பளத்தின் மீது இப்படி ஊர்வாரியாக வருமான வரி பிடிப்பதில்லை. ஒஹாயோவில் மத்திய வரி, மாநில வரி இரண்டுக்கும் மேல் நகராட்சி வருமான வரி உண்டு. கொலம்பஸில் 2.5%, அதாவது ஒரு லட்சம் டாலர் சம்பளத்துக்கு 2,500 டாலர். விலக்கு, கழிவு எதுவும் இல்லாமல் மொத்தச் சம்பளத்தின் மீது. வேலை பார்க்கும் நகராட்சிதான் முதலில் பிடிக்கும். குடியிருக்கும் நகராட்சி அதற்குக் கழிவு கொடுத்து, மீதி இருந்தால் கேட்கும். டப்ளினில் 2%. அங்கே அலுவலகம், கொலம்பஸ் எல்லைக்குள் வீடு என்றால் மீதி 0.5% உங்கள் பொறுப்பு. பல நிறுவனங்கள் அதைத் தாமாகப் பிடிப்பதில்லை. மத்திய, மாநிலக் கணக்கைத் தாக்கல் செய்துவிட்டு நகராட்சிக் கணக்கை மறந்துவிடுவார்கள், இரண்டு வருடம் கழித்து அபராதத்தோடும் வட்டியோடும் கடிதம் வரும். புதிதாக வருகிறவர்கள் அதிகம் மாட்டுவது இதில்தான். எந்த நகராட்சியிலும் சேராத, டவுன்ஷிப் எனப்படும் பகுதிகளில் குடியிருப்பவருக்கு நகராட்சி வருமான வரி கிடையாது. அங்கே இருந்துகொண்டு வாரத்தில் சில நாட்கள் வீட்டிலிருந்தே வேலை பார்த்தால், அந்த நாட்களுக்குப் பிடித்த வரியைத் திரும்பக் கேட்கலாம். நாட்களின் பட்டியலும் நிறுவனத்தின் கையொப்பமும் வேண்டும் என்பதால் முதல் மாதத்திலிருந்தே குறித்து வையுங்கள்.

கார் இல்லாமல் இங்கே எதுவும் நடக்காது. 1979-க்குப் பிறகு கொலம்பஸுக்குப் பயணிகள் ரயிலே இல்லை. கோட்டா எனும் பொதுப் போக்குவரத்து அமைப்பின் பேருந்துகள் ஓடுகின்றன, 2024 நவம்பரில் அதற்காக விற்பனை வரியை உயர்த்தவும் வாக்காளர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் நீங்கள் குடியேறப்போகும் வடமேற்குப் புறநகரில் பேருந்தை நம்பிக் குழந்தையை மருத்துவரிடம் கூட்டிப்போக முடியாது. நீங்கள் எச்-1பி வேலை விசாவில் போனால், சார்ந்தவர்களுக்கான எச்-4 விசாவில் வரும் மனைவிக்கு உடனே வேலை அனுமதி இருக்காது. அதோடு காரும் இல்லையென்றால், நவம்பர் முதல் மார்ச் வரை மேகம் மூடிய வானத்தோடு நாலு சுவருக்குள் அடைந்து கிடக்க வேண்டும். நம் பெண்கள் இந்த ஊரை வெறுப்பது பெரும்பாலும் இதனால்தான். பனி, குளிர் எல்லாம் பிறகு. இரண்டாவது கார் பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, ஓட்டுநர் உரிமத்தை இருவரும் ஒன்றாகவே எடுங்கள்.

இந்திய உரிமத்தை இங்கே அப்படியே மாற்றித் தரமாட்டார்கள். எழுத்துத் தேர்வில் 40 கேள்விகளில் 30 சரியாக வேண்டும், அது எளிது. ஓட்டுநர் தேர்வின் இரண்டாம் பகுதியில்தான் இருபது வருடம் ஓட்டியவர்களும் தவறுகிறார்கள். 9 அடி அகலம், 20 அடி நீளத்தில் ஒரு பெட்டி, அதன் நான்கு மூலையிலும் அடையாளக் கம்பங்கள். அவற்றுக்கு 20 அடி முன்னே, நடுவில் ஐந்தாவது கம்பம். பெட்டிக்குள் நேராக நுழைந்து, தேர்வாளர் சொல்லும் பக்கமாக ஐந்தாவது கம்பத்தைக் கடந்து, பின் பம்பர் அதற்கு நேராக வரும்போது நிறுத்த வேண்டும். காரும் பெட்டிக்கு இணையாக நிற்க வேண்டும். பிறகு அதே வழியில் ரிவர்ஸில் வந்து, பெட்டிக்குள் வண்டியை நேராக்கி, முன் பம்பர் பின்பக்கக் கம்பங்களுக்கு நேராக வரும்வரை போய் நிறுத்த வேண்டும். கம்பத்தில் லேசாக உரசினாலும், நடுவில் நிறுத்திப் பார்த்தாலும் மதிப்பெண் போகும். கம்பத்தை ஏற்றிச் சாய்த்தால் அங்கேயே முடிந்தது. ரிவர்ஸில் சக்கரத்தைச் சீக்கிரம் திருப்புவதுதான் வழக்கமான தவறு. உடன் ஒருவர் உட்கார, காலி வாகன நிறுத்தத்தில் அளவு குறித்து, தேர்வுக்குக் கொண்டுபோகும் அதே காரில் பழகுங்கள். கேமராத் திரையை நம்பாமல் திரும்பிப் பார்த்து ஓட்டுங்கள். முதல் முறை தவறினால், பெரியவர்களுக்கான சுருக்கப் பயிற்சியை முடித்த பிறகுதான் மறுபடி தேர்வு.

வேலைச் சந்தை பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். சேஸ், நேஷன்வைட், ஹன்டிங்டன், கார்டினல் ஹெல்த், ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகம் என்று நிதி, காப்பீடு, மருத்துவம், கல்வித் துறைகளில் நிலையான வேலைகள் உண்டு. ஆனால் வேலை போனால் எச்-1பி விசாவில் கிடைக்கும் 60 நாள் அவகாசத்துக்குள் இன்னொன்று தேட, நியூ ஜெர்சி அளவுக்குக் கதவுகள் இல்லை. வேறு நகர வட்டாரத்துக்கு மாறினால் விசா மனுவையும் திருத்தி அனுப்ப வேண்டும். ஆறு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொள்ளும் வரை வீடு வாங்காதீர்கள். புறநகரான நியூ ஆல்பனிப் பக்கம் இன்டெல் நிறுவனத்தின் சில்லு ஆலை வருகிறது என்ற பேச்சை நம்பி வாங்குவதும் வேண்டாம். 2022-ல் அறிவித்த அந்த ஆலையின் தொடக்கம் 2030-31-க்குத் தள்ளிப் போயிருக்கிறது. பின்னாளில் புது வீடு வாங்கினால் ஒன்றை நினைவில் வையுங்கள். சொத்து வரி இங்கே ஒரு வருடம் பிந்தி வசூலாகும். முதல் வருட ரசீது வெறும் மனைக்கு மட்டும் வந்திருக்கும், கட்டடமும் சேர்ந்ததும், வரியையும் சேர்த்துக் கட்டும் வீட்டுக் கடன் மாதத் தவணை சில நூறு டாலர் ஏறும்.

கோயிலுக்குப் பவலில் பாரதிய இந்துக் கோயில் இருக்கிறது. பெருமாளைச் சேவிக்க, 1976-ல் குடமுழுக்கு கண்ட பிட்ஸ்பர்க் பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரர் கோயிலுக்கு மூன்று மணி நேரத்தில் காரில் போய்விடலாம். மளிகைக்குச் சாமில் ரோடு பக்கம் போனால் குறை இருக்காது. பூட்டானிலிருந்து வந்த நேபாளி மக்கள் இங்கே நிறைய இருப்பதால், அவர்கள் கடைகளிலும் நம் சமையலுக்கு வேண்டிய பலதும் கிடைக்கும்.

கிளம்புவதற்கு முன் ஊரில் முடிக்க வேண்டியது குழந்தையின் தடுப்பூசிக் கணக்கு. நம் அரசு அட்டவணையில் போடுவது தட்டம்மை, ரூபெல்லா இரண்டுக்கும்தான். இங்கே பள்ளியில் பொன்னுக்கு வீங்கியையும் சேர்த்த எம்எம்ஆர் இரண்டு தவணையும், சின்னம்மைக்கு இரண்டு தவணையும் கேட்பார்கள். சேர்ந்த 14 நாட்களுக்குள் சான்று காட்டாவிட்டால் குழந்தையை வீட்டுக்கு அனுப்பலாம். தவணைகளுக்கு இடையே வாரக் கணக்கில் இடைவெளி வேண்டும், ஆகவே விசா கையில் வந்த அன்றே குழந்தைகள் மருத்துவரைப் பாருங்கள். போட்ட ஒவ்வொரு ஊசிக்கும் தேதியை நாள், மாதம், வருடம் தெளிவாக ஆங்கிலத்தில் எழுதி, மாதத்தைப் பெயராகவே குறிப்பிட்டு, முத்திரையோடு வாங்கிக்கொள்ளுங்கள். எண்ணாக எழுதினால் 05/08 இங்கே மே 8 ஆகிவிடும்.