முதல் டிரையத்லானுக்கு எத்தனை நிமிடம் குறி வைப்பது?

கேள்வி: எனக்கு 38 வயது. ஐ.டி. வேலை. 10 கிலோமீட்டரை 70 நிமிடத்தில் ஓடுவேன். ஞாயிறுதோறும் ஈ.சி.ஆரில் சைக்கிள், மணிக்கு 23 கிலோமீட்டர் வேகம் வரும். நீச்சல் இந்தக் கோடையில்தான் கற்றேன். 25 மீட்டர் குளத்தில் நாலு லேப் போனால் மூச்சு வாங்குகிறது, அதற்கு மூன்று நிமிடம் ஆகிறது. நான்கு மாதத்தில் ஸ்பிரின்ட் டிரையத்லானில் இறங்கப் போகிறேன். அலுவலக நண்பர் 1 மணி 20 நிமிடத்தில் முடித்தார். அதையே நானும் இலக்காக வைக்கலாமா? (தாம்பரம் வாசகர்)

பதில்: வேண்டாம். அது அவருடைய உடம்பு போட்ட நேரம். உங்கள் எண்களை நீங்களே கொடுத்திருக்கிறீர்கள், அவற்றை வைத்தே கணக்குப் போடுவோம்.

ஸ்பிரின்ட் டிரையத்லான் என்றால் ஒரே போட்டியில் அடுத்தடுத்து 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். 100 மீட்டருக்கு மூன்று நிமிடம் என்றால் 750 மீட்டருக்கு இருபத்திரண்டரை நிமிடம். திறந்த நீரில் யாரும் நேர்க்கோட்டில் நீந்துவதில்லை, அதனால் 26 என்று வையுங்கள். 23 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிளுக்கு 52 நிமிடம். ஓட்டத்தில் வழக்கமாகக் கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் எடுக்கிறீர்கள். சைக்கிளை விட்டு இறங்கிய காலுக்கு முக்கால் நிமிடம் கூட்டினால் ஏறக்குறைய 39. நீச்சலிலிருந்து சைக்கிளுக்கு மாற 5 நிமிடம், சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கு மாற 3. மொத்தம் 125 நிமிடம், அதாவது 2 மணி 5 நிமிடம். இன்றைய நிலைமையில் நியாயமான இலக்கு இதுதான். நான்கு மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் வரலாம். 1 மணி 20 நிமிடத்தைத் துரத்தினால் நீச்சலிலேயே சக்தியை எல்லாம் கொட்டிவிட்டு, சைக்கிளில் திணறுவீர்கள்.

இந்தக் கணக்கில் இன்னொன்றும் தெரிகிறது. பாடுபட்டு நீச்சலில் 100 மீட்டருக்குப் பத்து விநாடி குறைத்தாலும் மிச்சம் ஒன்றேகால் நிமிடம்தான். சைக்கிள் வேகத்தை 23-லிருந்து 25 ஆக்கினால் நான்கு நிமிடம் மிச்சம். வீட்டு மாடியில் ஷூ, ஹெல்மெட், போட்டி எண்ணை மாட்டும் பெல்ட்டை வரிசையாக வைத்து உடை மாற்றிப் பழகினால், காசு செலவில்லாமல் இரண்டு மூன்று நிமிடம் கிடைக்கும். என்னிடம் வருகிறவர்கள் இந்தப் பயிற்சியைத்தான் முதலில் தட்டிக் கழிக்கிறார்கள். எனக்கு இது உண்மையிலேயே வருத்தம்.

அதற்காக நீச்சலை விட்டுவிடச் சொல்லவில்லை. அங்கே உங்கள் இலக்கு வேகம் அல்ல, பதற்றமில்லாமல் நீந்துவது. 25 மீட்டர் குளத்தில் 750 மீட்டர் என்றால் 30 லேப். நடுவே 29 முறை சுவரைத் தொட்டு, காலால் உந்தி, ஒரு நொடி ஓய்வெடுக்கிறீர்கள். கடலில் அந்தச் சுவர் கிடையாது. நாலு லேப்பில் மூச்சு வாங்குவதற்குப் பெரும்பாலும் உடல் பலம் காரணமில்லை. புதியவர்கள் தண்ணீருக்குள் மூச்சை அடக்கி வைத்திருந்து, முகம் வெளியே வரும் அரை நொடியில் பழைய காற்றை விட்டுப் புதுக்காற்றையும் இழுக்கப் பார்ப்பார்கள். உள்ளே பாதிதான் போகும். முகம் தண்ணீருக்குள் இருக்கும்போதே மூக்கு வழியாகக் குமிழி விட்டுக்கொண்டே இருங்கள். திரும்பும்போது இழுக்கும் வேலை மட்டும்தான் இருக்கும். நாலு லேப், இருபது விநாடி ஓய்வு, மறுபடி நாலு லேப். இப்படியே கூட்டிக்கொண்டு போய், மூன்றாம் மாத முடிவில் நிற்காமல் 1,000 மீட்டர் நீந்த முடிந்தால் போதும். வேகத்தை அடுத்த போட்டியில் பார்க்கலாம்.

கடலில் பழகும்போது தனியாக இறங்காதீர்கள். நம் கரையில் அலை உடையும் இடமே ஒரு சோதனை, அதோடு நீரோட்டம் நாளுக்கு நாள் மாறும். உள்ளூர் மீனவரிடம் கேட்டுவிட்டு, கூட ஒரு படகோ, கயாக் என்ற சிறு துடுப்புப் படகோ இருந்தால் மட்டும் இறங்குங்கள். போட்டியன்று நடுவே மூச்சு முட்டினால் கயாக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். அது உங்களை முன்னே இழுத்துச் செல்லக்கூடாது என்பதுதான் பொதுவான விதி. இது தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 40 நிமிடம் சைக்கிள் ஓட்டிவிட்டு, இறங்கிய கையோடு பத்துப் பதினைந்து நிமிடம் ஓடுங்கள். கால் மரத்துப்போன மாதிரி இருக்கும், அது போகப் போகப் பழகிவிடும். அப்புறம், வெயிலையும் மறந்துவிடாதீர்கள். காலை ஆறு மணிக்குப் போட்டி தொடங்கினால் நீங்கள் ஓட இறங்கும்போது ஏழரை ஆகியிருக்கும். சென்னைப் புழுக்கத்தில் அந்த 39 நிமிடம் 42 ஆனால் கவலைப்படாதீர்கள்.

கேள்வி: எனக்கு 52 வயது, பேரன் இருக்கிறான். தினமும் நடக்கிறேன், கொஞ்சம் ஓடவும் செய்கிறேன். தண்ணீர் என்றால் பயம். இந்த வயதில் டிரையத்லான் ஆசை சரியா? (திருச்சி வாசகி)

பதில்: சரிதான் அக்கா. அமெரிக்காவில் மடோனா பூடர் என்று ஒரு கன்னியாஸ்திரி. அவர் முதல் டிரையத்லானில் கலந்துகொண்டபோது வயது 52. பிறகு 2012-ல், 82 வயதில், 3.8 கிலோமீட்டர் நீச்சலும் 180 கிலோமீட்டர் சைக்கிளும் 42.2 கிலோமீட்டர் ஓட்டமும் கொண்ட அயர்ன்மேன் போட்டியை முடித்தார். வயதை நினைத்துத் தயங்க வேண்டாம் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். அவரைப் போலவே செய்ய வேண்டும் என்பதில்லை.

போட்டித் தேதியை முதலில் குறிக்காதீர்கள். டாக்டரிடம் இதயப் பரிசோதனை முடித்துவிட்டு, ஆழமில்லாத பக்கத்தில் நல்ல பயிற்சியாளரோடு இறங்குங்கள். முதல் மாத இலக்கு முகத்தை நனைப்பது. இரண்டாம் மாத இலக்கு மல்லாந்து மிதப்பது. அது வந்த பிறகு குளத்திலேயே நடத்தும், நீச்சல் தூரம் குறைவான போட்டியாகத் தேடுங்கள். அதுவரை காத்திருக்க மனமில்லை என்றால் ஓட்டம், சைக்கிள், மறுபடி ஓட்டம் என்று நடக்கும் டுவாத்லான் இருக்கிறது. தண்ணீரைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: கல்லூரி கடைசி வருடம். முதல் போட்டியாகவே கோவா அயர்ன்மேன் 70.3 செய்யலாமா? (கோவை வாசகர்)

பதில்: தம்பி, 2019-ல் தொடங்கிய போட்டி அது. மிராமர் கடற்கரையில் 1.9 கிலோமீட்டர் கடல் நீச்சல், பிறகு 90 கிலோமீட்டர் சைக்கிள், அதன்பின் 21.1 கிலோமீட்டர் ஓட்டம். இந்த வகைப் போட்டிகளில் நீச்சலுக்குப் பொதுவாக 1 மணி 10 நிமிடம்தான் அவகாசம். கோவையில் கடல் இல்லை, குளத்துப் பழக்கம் மட்டும்தான் இருக்கும். கடலில் ஒரு ஸ்பிரின்ட், அடுத்து 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 சைக்கிள், 10 ஓட்டம் என்ற ஒலிம்பிக் தூரத்தில் ஒன்று முடித்துவிட்டுப் போ. ஒரு வருடம் தள்ளிப் போகும், போகட்டும். கோவா எங்கேயும் ஓடிவிடாது.

கேள்வி: லட்ச ரூபாய் சைக்கிள் இல்லாமல் கலந்துகொள்ள முடியுமா? (வேலூர் வாசகர்)

பதில்: தாராளமாக. கியர் சைக்கிள், ஹைபிரிட், எது இருந்தாலும் பிரேக் நன்றாகப் பிடித்தால் போதும். போட்டிக்கு இரண்டு வாரம் முன் கடையில் கொடுத்து ஓவராயில் செய்து, இரண்டு டயரையும் பாருங்கள், தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். டியூப் மாற்றக் கற்றுக்கொள்ளுங்கள், ரோட்டோரம் பஞ்சர் போட யாரும் வர மாட்டார்கள். காசு இருந்தால் நல்ல ஹெல்மெட்டுக்குச் செலவழியுங்கள். ஸ்டாண்டிலிருந்து சைக்கிளை எடுக்கும் முன்பே ஹெல்மெட் வாரை மாட்டியிருக்க வேண்டும், திரும்பி வந்து சைக்கிளை வைத்த பிறகுதான் கழற்ற வேண்டும். இதை மீறினால் தண்டனை உண்டு.