கம்பளி வியாபாரியின் கோட்டை

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன மாதம் குடும்பத்தோடு இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் ஸ்டோக்ஸே கோட்டையைப் பார்த்தோம். கோட்டை என்கிறார்கள், ஆனால் கூடத்தில் அவ்வளவு பெரிய ஜன்னல்கள், அதுவும் மதிலுக்கு வெளியே பார்த்தபடி. எதிரி வந்தால் ஏறிக் குதித்துவிட மாட்டானா? உள்ளே உட்கார ஒரு நாற்காலிகூட இல்லை. இது நிஜமாகவே கோட்டையா, பணக்காரர் வீடா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பணக்காரர் வீடுதான். கட்டிய லாரன்ஸ் ஆஃப் லட்லோ பிரபு பரம்பரை இல்லை, கம்பளி வியாபாரி. அன்றைய இங்கிலாந்தின் பெரும்பணம் ஆட்டு ரோமத்தில் இருந்தது, அதில் கொழித்தவர்களில் முன்வரிசை ஆள் இவர். 1281-இல் இந்த இடத்தை வாங்கினார். அடுத்த 2 வருஷத்துக்குள் மன்னர் முதலாம் எட்வர்ட் பக்கத்திலிருக்கும் வேல்ஸைப் பிடித்துவிட, ஷ்ராப்ஷயர் எல்லைப்புறம் கொஞ்சம் அடங்கியது. அப்படிப்பட்ட நேரத்தில்தான் இந்த ஜன்னல்களை வைக்கத் துணிய முடியும்.

கோபுரமும் அகழியும் எதற்கு என்றால், திருடனுக்கும் கொள்ளைக்கூட்டத்துக்கும் அவை போதும். படை வந்தால் தாங்காது. 1291-இல் மன்னரிடம் கொத்தளம் கட்ட அனுமதிப் பத்திரமும் வாங்கினார். பாதுகாப்பைவிட அந்தஸ்துக்காகத்தான் என்று நினைக்கிறேன். பணம் வந்தவனுக்கு அடுத்து வேண்டியது பிரபு என்ற தோரணை. கோட்டை என்ற பெயர்கூட 16-ஆம் நூற்றாண்டில்தான் ஒட்டிக்கொண்டது.

நீங்கள் நின்ற கூடம் சுமார் 54 அடி நீளம், 31 அடி அகலம். நடுவில் ஒரு தூண் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? வளைந்த பெரிய மரச்சட்டங்கள் சுவரிலிருந்து எழும்பி மொத்தக் கூரையையும் தாங்குகின்றன. தரையில் இருக்கும் எண்கோணக் கல்மேடைதான் அடுப்பு. புகைபோக்கி கிடையாது, புகை மேலே போய்க் கூரை வழியாக வெளியேற வேண்டியதுதான். கண் எரிந்திருக்கும், வேறென்ன. வடக்கு ஓரத்து மரப்படிக்கட்டும் லாரன்ஸ் காலத்தது. ஒவ்வொரு படியும் முழு மரத்திலிருந்து வெட்டியது. 700 வருஷம் கால் பட்டும் நிற்கிறது.

வேலைக்காரர், விருந்தாளி எல்லோரும் இந்தக் கூடத்தில் சாப்பிடுவார்கள். முதலாளி குடும்பத்துக்கு மட்டும் தெற்கே, மாடியில் தனியறை. அங்கே போக வெளிப்படிக்கட்டில்தான் ஏற வேண்டும். அந்த அறையின் கணப்புக்கு இருபுறமும் இரண்டு சின்னத் திறப்புகள் உண்டு. எட்டிப் பார்த்தால் கீழே கூடம் தெரியும், யார் என்ன செய்கிறார்கள் என்பதும் தெரியும். எனக்கு இந்த வீட்டில் ரொம்பப் பிடித்தது இதுதான். கோபுரத்தைவிட லாரன்ஸுக்கு அதிகம் பயன்பட்டதும் இதுவாகத்தான் இருக்கும்.

பாவம், அவர் அதிக நாள் அனுபவிக்கவில்லை. 1294-இல் மன்னரின் போர்ச் செலவுக்காகக் கம்பளி ஏற்றிப் போன கப்பல் மூழ்கி இறந்தார். கம்பளி மீது கடும் வரி விழ அவர்தான் காரணம் என்று மற்ற வியாபாரிகளுக்குக் கோபம். டன்ஸ்டபிள் மடத்துத் துறவி ஒருவர், கம்பளிக்காரர்களுக்குச் செய்த பாவத்துக்குக் கம்பளிக் கப்பலிலேயே மூழ்கினான் என்ற பொருளில் குறிப்பு எழுதி வைத்தார். துறவிக்கு அவ்வளவு கோபம் ஏன் என்று கேட்காதீர்கள். மடங்களும் ஆடு வளர்த்துக் கம்பளி விற்றவைதான்.

போர் ஒரே ஒரு தடவை வாசல்வரை வந்தது. 1645-இல், மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில், பாராளுமன்றப் படை வந்து நின்றது. உள்ளே இருந்த மன்னர் தரப்பினர் பேச்சுவார்த்தை நடத்திச் சரணடைந்துவிட்டார்கள். பிறகு மதிலை மட்டும் இடித்துத் தாழ்த்தினார்கள், வீடு தப்பியது. வாசலில் பார்த்த மஞ்சள் நிற மரக்கட்டு வீடு அந்தப் போருக்குச் சற்று முன், 1640 வாக்கில் வந்தது. லாரன்ஸ் அதைப் பார்த்ததில்லை.

நாற்காலி விஷயம். பிற்காலத்தில் கூடம் தானியக் கிடங்கானது. 1869-இல் கையுறை வியாபாரத்தில் சம்பாதித்த ஜே. டி. ஆல்கிராஃப்ட் வாங்கினார். குடியேறாமல், பழுது மட்டும் பார்த்துவிட்டு, பக்கத்திலேயே தனக்கு வேறு மாளிகை கட்டிக்கொண்டார். இப்போது பராமரிக்கும் இங்கிலிஷ் ஹெரிடேஜ் அமைப்பும் பழைய பாணியில் புதுச் சாமான் வாங்கி நிரப்பாமல் விட்டிருக்கிறது. எனக்கு அது சரியென்றே படுகிறது.

கென்ட் பக்கம் போனால் பென்ஸ்ஹர்ஸ்ட் பிளேஸையும் பாருங்கள். அதுவும் ஒரு வியாபாரி கட்டியது, லண்டன் மேயராக இருந்த ஜான் டி புல்ட்னி. 1341 வாக்கில் எழுந்த கூடம், நடுவில் அதே மாதிரி எண்கோண அடுப்பு. ஸ்டோக்ஸேயைப் பார்த்த கண்ணோடு போனால் ஐம்பது வருஷத்தில் வியாபாரிகளின் வசதி எவ்வளவு ஏறியது என்று தெரியும்.