தலை தொங்கிய பூனையும் ஒரு டப்பா பொட்டாசியமும்

கேள்வி: எங்கள் பெண் பூனைக்கு 13 வயது, எடை 3.6 கிலோ. சிறுநீரகம் பலவீனமாக இருப்பதாகச் சொல்லி, ஆறு மாதங்களுக்கு முன் அதற்கான தனி உணவுக்கு மாற்றினார்கள். கடந்த பத்து நாட்களாகத் தலையைத் தொங்கப்போட்டபடி நடக்கிறது; கட்டில் மேல் தாவுவதையும் விட்டுவிட்டது. வயதாகிவிட்டது என்று நினைத்தோம். ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 2.6, பொட்டாசியம் 2.8 என்று வந்திருக்கிறது. பொட்டாசியம் குளுக்கோனேட் பொடி எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். இது சிறுநீரகத்தைச் சரிசெய்யுமா? வீட்டில் 11 வயது நாயும் இருக்கிறது. முன்னெச்சரிக்கையாக அதற்கும் கொஞ்சம் கலந்து தரலாமா?

பதில்: நாய்க்கு வேண்டாம். அந்த டப்பாவை அதன் உணவுத் தட்டுப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் பூனையைப் பார்ப்போம், அதற்குத்தான் அவசரம்.

தலை தொங்குவது முதுமையின் அடையாளம் இல்லை. நாயின் கழுத்தில், தலையைத் தாங்கிப் பிடிக்க நார்க்கயிறு போன்ற ஓர் இணைப்பு நார் உண்டு. பூனைக்கு அது கிடையாது. தலையின் முழு எடையையும் கழுத்துத் தசைகளே சுமக்கின்றன. ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால் தசைகள் வலுவிழக்கும். அப்போது மோவாய் மார்பை நோக்கித் தாழ்ந்துவிடும், கண்கள் மட்டும் மேலே பார்க்கும். ஏதோ தப்பு செய்துவிட்டு நம்மைப் பார்ப்பதுபோல் இருக்கும் அந்த முகத்தை ஒருமுறை பார்த்த கால்நடை மருத்துவர் மறக்கமாட்டார். தாவாமல் இருப்பதும் அதே தசைப் பலவீனம்தான். மலச்சிக்கலும் பசியின்மையும் சேர்ந்து வரலாம், ஏனென்றால் குடலும் தசையால் ஆனதுதானே.

பூனைகளின் ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு ஏறத்தாழ 3.5 முதல் 5.5 மில்லிமோல் வரை இருக்க வேண்டும் (ஆய்வகத்துக்கு ஆய்வகம் சற்று மாறும்). 2.8 என்பது தெளிவான குறைபாடு. அதுவும், உடலிலுள்ள பொட்டாசியத்தில் கிட்டத்தட்ட 98 சதவீதம் செல்களுக்குள் அடைந்து கிடக்கிறது. ரத்தத்தில் தெரிவது மிச்சம் மீதிதான். அந்த மிச்சமே இவ்வளவு குறைந்திருந்தால், உள்ளே இருப்பும் கரைந்திருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கே போனது? பழுதடைந்த சிறுநீரகத்தால் சிறுநீரைக் கெட்டியாக்க முடியாது. பூனை நிறையக் குடிக்கும், நிறையச் சிறுநீர் கழிக்கும், அதோடு பொட்டாசியமும் வெளியேறும். வாந்தியும் அரைகுறைச் சாப்பாடும் சேர்ந்தால் வரவு குறைந்து செலவு கூடிவிடும். இடையில் பொட்டாசியம் சேர்க்காத ட்ரிப் ஏற்றியிருந்தால் அதுவும் அடித்துக்கொண்டு போயிருக்கும்.

'சிறுநீரகத்தைச் சரிசெய்யுமா' என்ற கேள்விக்கு நேரடியான பதில்: சரிசெய்யாது. தழும்பாகிப்போன சிறுநீரகத் திசுவை எந்தப் பொடியும் திரும்பக் கொண்டுவராது. ஆனால் பொட்டாசியக் குறைபாடு தன் பங்குக்குச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிறுநீரைக் கெட்டியாக்கும் திறனை இன்னும் குறைக்கும், அதனால் இழப்பு மேலும் கூடும். இந்தச் சுழலை உடைக்கத்தான் மருந்து. 1980-களில், பொட்டாசியம் குறைவாகவும் அமிலத்தன்மை கூட்டும் விதமாகவும் தயாரித்த உணவை உண்ட பூனைகளுக்கே சிறுநீரகக் கோளாறு வந்ததைக் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகுதான் பூனை உணவுகளில் பொட்டாசியத்தின் அளவை உயர்த்தினார்கள். உங்கள் பூனை சாப்பிடும் சிறுநீரக உணவிலும் கூடுதல் பொட்டாசியம் இருக்க வாய்ப்பு அதிகம். அப்படியிருந்தும் 2.8 என்றால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: அந்த உணவை அது உண்மையில் எவ்வளவு சாப்பிடுகிறது? தட்டில் வைத்த அளவு வேண்டாம், வயிற்றுக்குள் போன அளவைச் சொல்லுங்கள்.

அடுத்து, ரத்த அழுத்தம் பார்த்தார்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. வயதான பூனைகளில், சிறுநீரகத்தை ஒட்டியிருக்கும் அட்ரினல் சுரப்பியில் கட்டி வந்து ஆல்டோஸ்டிரோன் ஹார்மோன் மிகையாகச் சுரப்பதுண்டு. அப்போது ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். சிறுநீரக நோயும் கூடவே இருப்பதால் பழி அதன் மேலேயே விழுந்துவிடும். சரியான அளவில் மருந்து கொடுத்தும் பொட்டாசியம் ஏறாவிட்டால் இதையும், மெக்னீசியம் குறைந்திருக்கிறதா என்பதையும் பார்க்கும்படி கேளுங்கள். மெக்னீசியம் குறைவாக இருக்கும்வரை, கொடுக்கிற பொட்டாசியத்தைச் சிறுநீரகம் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும்.

உங்கள் மருத்துவர் தேர்ந்தெடுத்த குளுக்கோனேட் நல்ல தேர்வு. சிட்ரேட்டும் கொடுப்பதுண்டு, ரத்தத்தில் அமிலம் கூடியிருந்தால் அது இன்னும் பொருத்தம். தவிர்க்க வேண்டியது, மனிதர்களுக்கான பொட்டாசியம் குளோரைடு மாத்திரை. அது வயிற்றை அரிக்கும், பூனையின் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாக்கும். சோடியம் குறைந்த உப்பு என்று விற்கிறார்களே, அதிலும் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடுதான் இருக்கிறது. வாழைப்பழத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, எப்படியும் யாராவது கேட்பார்கள்: 2.8-ஐ ஈடுகட்டும் அளவுக்குப் பழம் தின்னும் பூனையை நான் பார்த்ததில்லை.

அளவை நான் இங்கே எழுதப்போவதில்லை. அது எடை, ரத்தத்தில் உள்ள அளவு, கூடக் கொடுக்கும் மற்ற மருந்துகள் எல்லாவற்றையும் பொறுத்தது. ஆரம்பித்து ஒன்று அல்லது இரண்டு வாரங்களுக்குள் மறுபடி ரத்தம் எடுத்துப் பாருங்கள், அதற்கேற்ப அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டியிருக்கும். நிலைப்பட்ட பிறகு மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை போதும். நடுவில் பூனை எழுந்து நிற்க முடியாமல் போனாலோ மூச்சுவிடச் சிரமப்பட்டாலோ பொடியை நம்பிக் காத்திருக்காதீர்கள். மருத்துவமனையில் நரம்பு வழியாக, இதயத் துடிப்பைக் கவனித்துக்கொண்டே ஏற்ற வேண்டிய நிலை அது.

இனி நாய். பொட்டாசியம் கூடினாலும் ஆபத்துதான், இன்னும் சொன்னால் வேகமான ஆபத்து: இதயத் துடிப்பு மந்தமாகி நின்றேபோகலாம். சிறுநீரக நோயுள்ள நாய்களுக்குப் பூனைகள் அளவுக்குப் பொட்டாசியம் குறைவதில்லை. சில நாய்களுக்குக் கூடிவிடுகிறது. இதயத்துக்காகவோ சிறுநீரில் புரதம் போவதற்காகவோ கொடுக்கும் பெனாசெப்ரில், எனலாப்ரில், டெல்மிசார்டன், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மருந்துகளும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை. அட்ரினல் சுரப்பி செயலிழந்த நாய்க்கு ஏற்கெனவே அது எகிறியிருக்கும். முன்னெச்சரிக்கை வேண்டுமென்றால் 11 வயது நாய்க்கு ஒரு ரத்தப் பரிசோதனை, சிறுநீரின் அடர்த்தி, ரத்த அழுத்தம் இவற்றைப் பார்த்துவிடுங்கள். பூனைக்கும் இந்தப் பொடி ஆயுள் சந்தா கிடையாது. நோய் கடைசிக் கட்டத்துக்கு வந்து சிறுநீர் குறையத் தொடங்கினால் பொட்டாசியம் தேங்கும். அன்று இதே மருந்தை நிறுத்த வேண்டிவரும். சொட்டுச் சொட்டாக முக்குகிற, சிறுநீர் அடைபட்ட பூனைக்கு இதைக் கொடுத்தால் அதுவே உயிருக்கு உலை வைத்துவிடும். ஆண் பூனை வைத்திருக்கும் மற்ற வாசகர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கொடுக்கும் விதத்தில் ஒரு யோசனை. முழுத் தட்டிலும் பொடியைக் கலக்காதீர்கள். சுவை பிடிக்காவிட்டால் பூனை அந்த உணவையே வெறுத்துவிடும். பாஸ்பரஸ் குறைந்த அந்த உணவுதான் அதன் ஆயுளுக்கு உண்மையில் கைகொடுப்பது; ஒரு பொடிக்காக அதை இழக்கக் கூடாது. ஒரு கரண்டி ஈர உணவில் கலந்து, பசியோடு இருக்கும்போது முதலில் அதைக் கொடுங்கள். அது காலியான பிறகு மீதியை வையுங்கள். மருந்து தொடங்கும் முன் பூனை நடப்பதை அரை நிமிட வீடியோவாக எடுத்துவைத்து, ஐந்தாறு நாள் கழித்து இன்னொன்று எடுங்கள். அடுத்த ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது இரண்டையும் உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள்.